ஃபே உயிரினங்களை ஆட்டத்தில் இறக்குவது எப்படி? புதிய டிஎம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எனும் பகடைக் கதை ஆட்டத்தை நடத்தத் தொடங்கும் டிஎம்கள் (டன்ஜன் மாஸ்டர்கள், அதாவது கதையை நடத்துபவர்கள்) பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது செஷனில் காட்டுக்குள் ஒரு பிக்ஸியை (நாட்டுப்புறக் கதைகளிலிருந்து வந்த மாய உயிரினங்களான ஃபேக்களில் சிறகுள்ள குட்டி ஒன்று) பறக்கவிடுவார்கள். பத்து நிமிடத்தில் அது செத்துப்போகும். அதற்கு இருப்பதே ஒரு ஹெச்பி, அதாவது ஒரே ஓர் உயிர்ப்புள்ளி. யாரோ ஒருவர் பயந்து அம்பு விட்டிருப்பார், கதை முடிந்தது.

தப்பு பிக்ஸியில் இல்லை. டிஎம் முதலில் ஸ்டாட் பிளாக்கை, அதாவது உயிரினத்தின் எண்கள் உள்ள கட்டத்தைத் திறந்தார், பிறகு அதற்கு ஒரு காட்சி யோசித்தார். ஓர்க்குக்கும் ஓநாய்க்கும் அந்த வரிசை சரி. ஃபே கூட்டத்துக்கு அது உதவாது. அந்த ஃபேவுக்கு என்ன வேண்டும், எந்த விதி அதைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதை முதலில் எழுத வேண்டும். எந்த இனம் என்பது அதற்கப்புறம். எண்கள் கடைசி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

1. உட்காருவதற்கு முன் தயாராக வேண்டியவை

எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள். நான் இங்கே தரும் எண்கள் ஐந்தாம் பதிப்பின் 2014 மான்ஸ்டர் மேனுவல் எனும் உயிரினத் தொகுப்பு நூலில் உள்ளவை. ரெட்கேப், குவிக்லிங், பாகிள் போன்ற ஃபேக்கள் 2016-இல் வந்த துணைப் புத்தகத்தில் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் பல விஷயங்கள் மாறிவிட்டன. டிஎம் கையில் ஒரு பதிப்பும் ஆட்டக்காரர் போனில் இன்னொன்றும் இருந்தால் அன்றைய இரவு வாக்குவாதத்திலேயே கழியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு ஃபேவுக்கும் மூன்று வரி எழுத இடம், அதோடு கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்குப் பட்டியல். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே அதில் எழுத வேண்டும். ஏன் இவ்வளவு கறார் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

மூன்றாவது வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே பேசுவது. ஃபே என்றாலே மனதை மயக்குவதும் ஏமாற்றுவதும் வரும். தன் கேரக்டரின் கட்டுப்பாடு கைவிட்டுப் போவது சிலருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அக்காவும் தம்பியும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது சாட்டிர் எனும் ஆட்டுக்கால் ஃபே குழலூதிக் கொஞ்ச வந்தால் எல்லோரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைத்தான் பார்ப்பார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று ஐந்து நிமிடம் கேட்டுவிடுங்கள்.

2. யார் ஃபே, யார் இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஐந்தாம் பதிப்பில் உயிரினங்கள் 14 வகை. ஃபே அதில் ஒன்று. ஃபே என்று போட்டிருப்பதால் மட்டும் ஓர் உயிரினத்துக்குத் தனிச் சக்தி எதுவும் வந்துவிடாது. ஆனால் பல மந்திரங்கள் 'இது எந்த வகை?' என்று கேட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். ஆளை அசையவிடாத ஹோல்ட் பெர்சன், மயக்கும் சார்ம் பெர்சன் இரண்டும் ஹியூமனாய்டு (மனிதர் போன்ற) வகையை மட்டுமே பிடிக்கும். மரங்களின் ஃபேயான டிரையாட் பார்க்க மனுஷி மாதிரி இருந்தாலும் அவள்மேல் அவை பலிக்காது. ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் மந்திரத்தின் பட்டியலில் ஃபேவும் உண்டு, அதனால் டிரையாடின் மயக்கத்துக்கு அது நல்ல கேடயம்.

புதியவர்கள் குழம்பும் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். எல்ஃப், ஃபே இல்லை. ஃபே பூர்வீகம் உள்ள ஹியூமனாய்டு. யூனிகார்ன் செலஸ்டியல் (தேவலோக) வகை. நடக்கும் மரமான ட்ரீயண்ட் தாவர வகை. பேன்ஷீயின் ஐரிஷ் பெயருக்கே 'சித் மேட்டுப் பெண்' என்று பொருள், அந்த மேடுகள் ஃபேக்களின் வீடுகள். ஆனாலும் இந்த ஆட்டத்தில் அவள் அன்டெட், செத்தும் நடமாடும் வகை. சூனியக் கிழவிகளான ஹேக்குகளில் கிரீன் ஹேக்கும் சீ ஹேக்கும் ஃபே, நைட் ஹேக் மட்டும் ஃபீண்ட், அதாவது நரகத்து வகை.

2025 புத்தகம் இன்னொரு குண்டைப் போட்டது. காப்ளின், ஹாப்காப்ளின், பக்பேர், சென்டார் எல்லாம் இப்போது ஃபே. பழைய பழக்கத்தில் காப்ளின் தலைவன்மேல் ஹோல்ட் பெர்சன் போட்ட எங்கள் விசார்ட் (மந்திரவாதி கேரக்டர்), மந்திரம் வீணானதும் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. புதிய பதிப்புக்கு மாறினால் இதை முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய கேரக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான் இது. மறைத்து வைத்து மாட்டிவிடுவதில் அழகு எதுவும் இல்லை.

தமிழில் நடத்துபவர்களுக்கு ஒரு சொல் சிக்கலும் உண்டு. ஃபேயைத் 'தேவதை' என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளை உடையும் மந்திரக்கோலும் வரம் கொடுக்கும் கையும் கண்முன் வந்துவிடும், ஆட்டக்காரர்கள் காவலைத் தளர்த்திவிடுவார்கள். ஒரு தடவை வேண்டுமென்றே ஏமாற்ற அது உதவலாம். மற்றபடி ஃபே என்றே சொல்லிப் பழக்குங்கள்.

3. விருப்பம் ஒன்று, விதி ஒன்று

நோட்டில் மூன்று வரி எழுதச் சொன்னேன் அல்லவா? முதல் வரி, இதற்கு என்ன வேண்டும். இரண்டாவது, எதை இதனால் மீற முடியாது. மூன்றாவது, அந்த விதியை ஆட்டக்காரர்கள் எங்கே கண்டுபிடிக்கலாம்.

விருப்பம் மட்டும் இருந்தால் அது சாதாரண ஊர்க்காரன்தான், சிறகு மட்டும் கூடுதல். விதி மட்டும் இருந்தால் பூட்டும் சாவியும் போல ஒரு விடுகதை. இரண்டும் சேர்ந்தால்தான் 'இதோடு பேசலாம், ஆனால் பார்த்துப் பேச வேண்டும்' என்ற உணர்வு வரும். ஃபே காட்சிக்கு வேண்டிய பதற்றம் அதுதான்.

ஓர் உதாரணம். பாலத்தடியில் ஒரு ஸ்பிரைட். வேண்டியது: காணாமல் போன தன் அம்பறாத்தூணி. விதி: யாராவது கேள்வி கேட்டால் அதற்கு உண்மையான பதில் சொல்லியே தீர வேண்டும், ஆனால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு, கேட்டவரும் உண்மையே சொல்ல வேண்டும். எங்கே தெரியும்: பாலத்தருகே இருக்கும் மீனவர் யாரும் கேள்வியாகவே பேச மாட்டார்கள், 'நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்' என்று சுற்றி வளைப்பார்கள். ஆட்டக்காரர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். பாலத்தடிக்குப் போனதும் ஏன் என்று புரியும்.

விதிக்குப் பஞ்சமில்லை. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் அள்ள அள்ள வரும். இரவில் வீட்டு வேலை செய்துகொடுக்கும் பிரவுனிக்குப் புதுத் துணி கொடுத்தால் அது வீட்டை விட்டே போய்விடும். ஃபே விருந்தில் ஒரு வாய் சாப்பிட்டவர் திரும்பி வர முடியாது. உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அதன்மேல் பிடி உண்டு. சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டுக்கொண்டால் வழி தப்ப வைக்கும் மாயம் விலகும்.

ஒரு ஃபேவுக்கு ஒரு விதி போதும். இது மிகச் சாதாரணமான தவறு: படித்ததெல்லாம் பிடித்துப்போய் ஒரே ஹேக்குக்கு ஐந்து விதி வைப்பார்கள். ஆட்டக்காரர்களால் எதையும் ஊகிக்க முடியாது, ஊகிக்க முடியாத விதி அவர்களுக்கு டிஎம்மின் அராஜகமாகத்தான் தெரியும். அந்த ஒரு விதிக்கும் குறைந்தது மூன்று இடத்திலாவது துப்பு வையுங்கள். ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது மாட்டும்.

4. இப்போது இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

நல்லது, கெட்டது என்று பிரிக்காதீர்கள். சீலீ, அன்சீலீ என்று இரண்டு அரசவைகளை ஆட்டம் சொல்கிறது. முதலாவதைக் கோடை அரசியும் இரண்டாவதைக் காற்றுக்கும் இருளுக்குமான அரசியும் ஆள்கிறார்கள். அதைக் கட்சி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். சீலீ ஃபே ஒன்று உங்கள் கேரக்டரை விளையாட்டாக மரத்தில் கட்டிவைத்துவிட்டு மறந்தும் போகலாம். எனவே, காட்சியில் என்ன வேலை ஆக வேண்டும் என்று பார்த்து எடுங்கள்.

வழியை மறித்துக் குழப்ப வேண்டுமா? பிக்ஸி, ஸ்பிரைட், பாகிள், குவிக்லிங். இவற்றில் பிக்ஸியைத்தான் எல்லோரும் குறைத்து எடைபோடுகிறார்கள். சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு ஆபத்து என்ற அளவு) 1/4தான், ஒற்றை ஹெச்பி, ஆயுதத் தாக்குதல் என்று எதுவும் கிடையாது. ஆனால் நாளுக்கு ஒரு தடவை பாலிமார்ஃப் (உருமாற்றல்), கன்ஃப்யூஷன் (குழப்பல்), ஸ்லீப், ஃப்ளை மந்திரங்கள் எல்லாம் போடும். பத்தாம் லெவல் ஃபைட்டரை ஆமையாக்கிவிட்டுப் பறந்துவிடக்கூடிய ஒன்றுக்கு ஹெச்பி எதற்கு? அதை எதிரியாக நிறுத்தாமல் தொல்லையாக விடுங்கள். ஸ்பிரைட் அதற்கு நேர் எதிர்க் குணம், சிரிப்பே வராத காவல்காரன். அது தொட்டால் உங்கள் மனநிலை அதற்குத் தெரிந்துவிடும். சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) தோற்றால் நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதும் தெரிந்துவிடும். அதன் அம்பு ஒரு புள்ளிதான் காயப்படுத்தும், ஆனால் விஷத்துக்கு எதிரான சேவில் மொத்தம் ஐந்தோ அதற்குக் கீழோ விழுந்தால் ஆள் மயங்கி விழுவான். குவிக்லிங் ஒரு சுற்றில் 120 அடி ஓடும், பையில் இருந்ததைக் காணோம் என்பதற்கு அது போதும்.

ஓர் இடத்துக்குக் காவல் வேண்டுமென்றால் டிரையாட். சேலஞ்ச் ரேட்டிங் 1, ஹெச்பி 22. காட்டுக்குள் அவளைத் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். பெரிய உயிர்மரம் ஒன்றுக்குள் நுழைந்து 60 அடிக்குள் இருக்கும் இன்னொரு பெரிய மரத்திலிருந்து வெளியே வருவாள். அதனால் அவளுடைய இடத்தை வரையும்போது மரங்களைப் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'காடு' என்று பொதுவாக எழுதிவிட்டு வந்தால், நடுச் சண்டையில் எந்த மரம் எங்கே என்று தடுமாறுவீர்கள்.

பேரம் பேச ஹேக். கிரீன் ஹேக் என் விருப்பம்: சேலஞ்ச் ரேட்டிங் 3, ஹெச்பி 82, வேறு ஆள் போல உருக்காட்டும் மாயம், எந்தக் குரலிலும் பேசும் வித்தை, சுவடே விடாமல் மறைந்து நடக்கும் திறன். அவளுடைய வேஷத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க இன்வெஸ்டிகேஷன் எனும் துப்பறியும் திறனுக்கான பகடையில் 20 வேண்டும், கஷ்டம். ஆனால் மாயம் கண்ணுக்கு மட்டும்தான். தொட்டால் அந்தச் சொரசொரத்த தோல் தட்டுப்படும். அதனால் அவள் வரும் முதல் காட்சியில் ஏதாவது ஒரு கைமாற்றம் வைத்துவிடுங்கள். பழம் விற்கும் இளம்பெண்ணிடம் காசு கொடுக்கும்போது விரல் உரசுகிறது, மரப்பட்டையைத் தொட்டது போல இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கவனித்தவர் கவனிப்பார்.

வேட்டையாட வருவது வேண்டுமென்றால் ரெட்கேப். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பாழடைந்த கோட்டைகளின் கதைகளிலிருந்து வந்த குள்ளக் கிழவன், காலில் இரும்புப் பூட்ஸ், தலையில் ரத்தத்தில் தோய்த்த குல்லாய். மூன்று நாளுக்குள் குல்லாயை மறுபடி ரத்தத்தில் நனைக்காவிட்டால் அவன் மறைந்துபோவான். விருப்பமும் விதியும் அவன் தலையிலேயே இருப்பதால் புதிய டிஎம்மின் முதல் ஃபேவுக்கு அவனைத்தான் சிபாரிசு செய்வேன். சாட்டிர் கூத்துக்கும் கொண்டாட்டத்துக்கும். பிளிங்க் டாக் நல்ல நாய், குழுவுக்கு உதவி தேவைப்படும்போது அனுப்புங்கள்.

5. பேசவைக்கும் முறை: தமிழில் கண்ணிகள் ஏராளம்

ஃபே சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் நடத்துபவர்கள் இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சில தந்திரங்கள் தமிழில் ஒட்டாது. கவலை வேண்டாம், நம் மொழியில் அதைவிட நல்லவை கொட்டிக் கிடக்கின்றன.

விடைபெறும்போது நாம் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்போம். எங்கள் மேஜையில் ஒரு ரோக் (திருட்டுக் கை கேரக்டர்), சதுப்பு நிலத்துக் கிழவியிடம் மருந்து வாங்கிக்கொண்டு, 'சரி பாட்டி, போயிட்டு வரேன்' என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்து வாக்குப் பட்டியலில் எழுதினேன். மூன்று செஷன் கழித்து, கடல் கடந்து போகக் கப்பலில் கால் வைத்தபோது அவன் கால் நகரவில்லை. 'வருகிறேன் என்று சொன்னாயே' என்று காதோரம் ஒரு குரல். மேஜையே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் ஒருத்தரும் எந்த ஃபேயிடமும் ஒழுங்காக விடைபெறவே இல்லை, தலையாட்டிவிட்டு நழுவுவார்கள்.

'பேரைக் கொடுங்க' இன்னொன்று. எந்த கவுன்ட்டரிலும் பேரைக் கொடுத்துப் பழகிய நாக்கு யோசிக்காமல் கொடுத்துவிடும். கொடுத்தது கொடுத்ததுதான், இனி அந்தப் பெயர் அவனுடையது இல்லை. ஊரில் யாருக்கும் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வராது. 'பேரைச் சொல்கிறேன்' என்றவர் தப்பினார். 'நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்' என்று அழகாகப் பேசும் பாலடினும் கவனமாக இருக்க வேண்டும், கடன் என்று அவரே சொல்லிவிட்டார். 'உயிரைக் கொடுத்தாவது செய்கிறேன்' என்பதை நான் இதுவரை பயன்படுத்தவில்லை. அது கொஞ்சம் அதிகம்.

முதல் தடவையே கண்ணியை இழுத்து மூடாதீர்கள். முன்னெச்சரிக்கையாக ஒரு சின்ன நிகழ்ச்சி நடக்கட்டும்: வேறு யாரோ ஒரு வணிகன் இப்படி மாட்டிக்கொண்டு தவிப்பதை அவர்கள் பார்க்கட்டும். கண்ணி இருக்கிறது என்று தெரிந்த பின் மாட்டினால் சிரிப்பார்கள். தெரியாமல் மாட்டினால் கோபம்தான் வரும்.

மரியாதைச் சொல்லையும் கருவியாக்கலாம். என் ஆட்டத்தில் பிக்ஸி எல்லோரையும் 'நீ' என்று கூப்பிடும். அரசவை ஃபே 'நீர்', 'உமக்கு' என்று பேசும். பேரம் முடிந்து ஆள் தன் கைக்குள் வந்துவிட்டதும் அதே ஃபே 'நீ' என்று இறங்கும். விளக்கமே வேண்டாம், என்னவோ கைமாறிவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

6. பேரத்தை நடத்துங்கள்

வரிசை முக்கியம். முதலில் ஃபே தன்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். விலையைப் பிறகு சொல்ல வேண்டும். விலையை முதலில் சொன்னால் ஆட்டக்காரர்கள் கதவை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். ஆசை வந்த பிறகு சொன்னால் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

விலை என்ன? தங்கம் கேட்காதீர்கள், தங்கத்துக்குக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கேரக்டர் ஷீட்டில் எண்ணாக இல்லாத ஒன்றைக் கேளுங்கள்: அம்மா பாடிய தாலாட்டின் நினைவு, இடது கையின் நிழல், இனி பிறக்கப்போகும் முதல் சிரிப்பு. அதே சமயம், ஆட்டக்காரர் உருவாக்கிய கேரக்டரை முடமாக்கும் விலையையும் கேட்காதீர்கள். பாடியே மந்திரம் போடும் பார்டிடம் குரலைக் கேட்டால் அவர் அடுத்த செஷனில் என்ன செய்வார்? ஒரு காட்சியில் உறுத்த வேண்டும், ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. என் அளவுகோல் அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை ஒரே வாக்கியமாகச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அதை எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டுங்கள். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்ற சண்டை இதனால் வராது. அந்த வாக்கியத்தில் இருக்கும் ஓட்டையை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். ஆட்டக்காரர் ஃபேயை அதன் சொல்லாலேயே மடக்கினால் பகடை கேட்காதீர்கள், விட்டுக்கொடுங்கள். அங்கே பெர்சுவேஷன் ரோல் கேட்டு அது தோற்று, நல்ல யோசனை வீணாவதைப் பல மேஜைகளில் பார்த்திருக்கிறேன்.

7. மயக்கம்: எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள்

டிரையாடின் மயக்கத்தை அடிமைத்தனமாக நடத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. புத்தகம் சொல்வது வேறு. 30 அடிக்குள் இருக்கும் ஒரு ஹியூமனாய்டோ மிருகமோ விஸ்டம் சேவில் 14 எடுக்காவிட்டால், அவளை நம்பிக்கையான தோழியாக நினைக்கும், அவள் கேட்பதை முடிந்தவரை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளும். அவள் கட்டுப்பாட்டுக்குள் அது போவதில்லை. அவளோ அவள் கூட்டாளிகளோ தீங்கு செய்தால் மறுபடி சேவ் உண்டு. ஒரே சமயத்தில் ஒரு ஹியூமனாய்டு, மூன்று மிருகங்கள், அதற்கு மேல் முடியாது. 24 மணி நேரம் வரை நீடிக்கலாம்.

அதனால் ஆட்டக்காரரிடமிருந்து ஷீட்டை வாங்காதீர்கள். 'உன் பத்து வருடத் தோழி இவள், உன் நண்பர்கள் இவள் மரத்தை வெட்ட வருகிறார்கள், என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். அவரே நடிப்பார். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே துரோகம் செய்வார்.

8. சண்டை வந்தால்

வராமல் இருப்பது நல்லது. வந்தால் இந்த மூன்றைப் பாருங்கள்.

கான்சென்ட்ரேஷனை மறக்காதீர்கள், ஒரே நேரத்தில் ஒரு மாயத்தின்மேல்தான் கவனத்தை நிறுத்த முடியும் என்ற விதி அது. பிக்ஸி மறைந்திருப்பதற்கே கான்சென்ட்ரேஷன் தேவை. பாலிமார்ஃபும் கன்ஃப்யூஷனும் அதையே கேட்கும். ஆகவே கன்ஃப்யூஷன் போட்ட அந்தக் கணமே அது கண்ணுக்குத் தெரியும். டிரையாடும் அப்படித்தான், என்டாங்கிள், பார்க்ஸ்கின் மந்திரங்கள் இரண்டையும் சேர்த்து வைத்திருக்க முடியாது. இதைக் கவனிக்காத டிஎம், தெரியாமலே தன் ஃபேக்களை இரண்டு மடங்கு பலமாக்கிவிடுகிறார்.

ஹேக்குகள் மூன்று சேர்ந்தால் கோவன். அப்போது மந்திரங்கள் பொதுச் சொத்தாகும், 30 அடிக்குள் ஒருவரையொருவர் நெருங்கி இருக்கும் வரை. அந்தப் பட்டியலில் நேர்க்கோட்டில் பாயும் மின்னலான லைட்னிங் போல்ட் இருக்கிறது, சராசரி 28 காயம். மூன்றாம் லெவல் குழு ஒன்றை வரிசையாக நிற்கும்போது அடித்தால் பாதிப் பேர் விழுவார்கள். தனி ஹேக்கின் சேலஞ்ச் ரேட்டிங்கைப் பார்த்து 'மூன்றுதானே' என்று மூன்று பேரை இறக்கும் டிஎம்கள் இங்கேதான் குழுவைக் கொன்றுவிடுகிறார்கள். அவர்களைப் பிரித்து நிறுத்தினால் பலம் போய்விடும் என்ற துப்பு முன்பே கிடைத்திருக்க வேண்டும். சீ ஹேக்கும் முதல் லெவலுக்கு ஆகாது: அவளைப் பார்த்து மிரண்டவனை ஒரு பார்வையிலேயே பூஜ்ஜிய ஹெச்பிக்குத் தள்ளும் ஆற்றல் அவளிடம் உண்டு.

இரும்பு. ஃபேக்களுக்கு இரும்பு ஆகாது என்ற நாட்டுப்புறக் கதை தெரிந்த ஆட்டக்காரர் இரும்பு ஆணியோடு வருவார். 3.5 பதிப்பில் டிரையாட், பிக்ஸி, சாட்டிர் எல்லாவற்றின் காயத் தடுப்பையும் கோல்ட் அயர்ன் எனும் தனி இரும்புதான் உடைக்கும். பாத்ஃபைண்டர் எனும் இன்னொரு ஆட்டத்தில் இன்றும் கோல்ட் அயர்ன் உண்டு. ஐந்தாம் பதிப்பின் ஸ்டாட் பிளாக்குகளில் அது இல்லை. 'இல்லையே' என்று சொல்லி அவர் முகத்தை வாடவைப்பதைவிட, அந்த ஃபேயின் ஒற்றை விதியாக இரும்பையே வைத்துவிடுங்கள். ரெட்கேப்புக்கு மட்டும் வேண்டாம், அவன் காலில் மாட்டியிருப்பதே இரும்பு.

ஆட்டக்காரர் தரப்பிலிருந்தும் ஃபே வரும். 2014 விதிகளில் கான்ஜூர் வுட்லேண்ட் பீயிங்ஸ் எனும் அழைப்பு மந்திரம் போட்டு எட்டு சின்ன ஃபேக்களை அழைக்கலாம். அந்த எட்டும் பிக்ஸி என்றால் எட்டு பாலிமார்ஃப், குழு முழுக்க ராட்சதக் குரங்காகிவிடும். எத்தனை என்பதைத்தான் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கிறார், எது வருகிறது என்பது டிஎம் கையில். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2024 விதிகளில் அந்த மந்திரத்தையே மாற்றிவிட்டார்கள், இப்போது உயிரினங்கள் வருவதில்லை.

9. ஃபேவைல்டுக்குள் போனால் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள்

ஃபேக்களின் சொந்த உலகம் ஃபேவைல்ட். அங்கிருந்து திரும்பும்போது நேரம் பிசகலாம் என்று டன்ஜன் மாஸ்டர் கைடு, வேண்டுமென்றால் பயன்படுத்தும் விதியாகச் சொல்கிறது. இருபது முகப் பகடையில் 7 முதல் 13 வரை விழுந்தால் மாற்றமில்லை. கீழே போகப் போக, அங்கே கழிந்த நாட்கள் இங்கே மணிகளாகவோ நிமிடங்களாகவோ சுருங்கும். மேலே போனால் வாரம், மாதம். 20 விழுந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு வருடம்.

இந்தப் பகடையை மேஜையில் உருட்டாதீர்கள். உங்கள் கேம்பெயினில் (பல செஷன் ஓடும் தொடர்கதையில்) அமாவாசைக்குள் குழு தடுக்க வேண்டிய சடங்கை நடத்தும் ஒரு வில்லன் இருந்து, 20 விழுந்தால், சில வருடத்துக்கு முன்பே அவன் ஜெயித்து முடித்திருப்பான். அது நல்ல கதையாகலாம், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். நான் வீட்டிலேயே உருட்டி, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொண்டு, முடிவை நோட்டில் எழுதிவிட்டுத்தான் மேஜைக்கு வருவேன்.

நினைவிழப்பு விதியும் இருக்கிறது: வெளியேறும்போது விஸ்டம் சேவில் 10 எடுக்காதவருக்கு அங்கே நடந்தது எதுவும் நினைவிருக்காது. நான்கு செஷன் விளையாடியதை 'உங்களுக்கு ஞாபகமில்லை' என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? குழுவில் ஒருவருக்கு மட்டும், அவர் சம்மதத்தோடு வையுங்கள். சாபம் நீக்கும் மந்திரத்தால் நினைவு திரும்பிவிடும். அதுவரை மற்றவர்கள் சொல்வதை அவர் நம்பாமல் முழிப்பது நல்ல கூத்து.

10. ஆட்டம் முடிந்த பிறகு

வாக்குப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். நிறைவேறியதை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள், அடுத்த இரண்டு செஷனுக்குள் அதை வசூலிக்க ஒருவர் வருவார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வசூலிக்காதீர்கள், கடன்காரர்கள் வரிசையில் நிற்கும் வீடு மாதிரி ஆகிவிடும். எங்கள் பட்டியலில் அந்த ரோக்கின் 'போயிட்டு வரேன்' இன்னும் அடிபடாமல்தான் இருக்கிறது. போன வாரம் கிழவியைப் பார்க்கத் திரும்பிப் போனான், பேசினான், வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் அதையே மறுபடி சொல்லிவிட்டு வந்துவிட்டான்.